கமக்கட்டு எரியுது

வைகாசி வெயில் சுன்னாகத்தை வாட்டுகிறது. நேற்றுப் பள்ளிக்கூடத்தால் வந்த மகள், "அம்மா, கமக்கட்டு எரியுது" என்று அழுதாள். பார்த்தால், சிவந்து பொடிப்பொடியாய் வேர்க்குரு.

பவுடரை எடுத்த என்னை அவளின் அம்மம்மா தடுத்தா: "பொறு பிள்ளை, முதலிலை தண்ணியாலை கழுவு."

அவ சொன்னதுதான் சரி. வியர்வைத் துவாரம் அடைபட்டுத்தான் வேர்க்குரு வருகிறது. பவுடரும் தடித்த கிறீமும் அதை இன்னும் அடைக்கும். குளிர்ந்த தண்ணீரால் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி, கையில்லாத பருத்திச் சட்டை போட்டுக் காற்றாட விட்டேன். சொறியாமலிருக்க நகமும் வெட்டினேன். இரவு நிம்மதியாக நித்திரை கொண்டாள்.

அம்மாமாரே, இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால், சீழோ காய்ச்சலோ கண்டால், கைமருந்தோடு நில்லாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். பிள்ளையின் தோல் எங்களுடையதைவிட மெல்லியது.