மூலமும் ஒட்டும்

மூலம் வேறு, திருத்தம் வேறு. இரண்டையும் கலவாது பேணுதல் அறிவுடையோர் வழக்கு. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி அச்சேற்றிய பெரியோர், தாம் கொண்ட பாடத்தை மேலே நிறுத்திப் பிற பாடங்களை அடியிற் குறித்தனர். எது மாறியது என்பதைப் பின்வருவோர் அறிதற்கு அதுவே வழியாயிற்று. இவ்வொழுக்கத்தைக் கணினி பயிலும் எம் மாணவரிடத்தும் காணும் பேறு எமக்கு வாய்த்தது. அதனை இவ்விழா மலரில் எழுதி வைத்தல் தகும் எனக் கருதுகின்றோம்.

நம் கல்லூரியின் மணியை இன்று ஒலிப்பிப்பது உள்ளங்கையளவான ஒரு சிறு கணினி. பழைய மாணவர் ஈந்த அப்பலகையில் இயங்கும் லினக்ஸ் முறைமையை, உயர்தர வகுப்பு மாணவர் பில்ட்ரூட் என்னும் கருவியாற் கட்டினர். 2001இல் தோன்றிய அக்கருவி, வேண்டிய செய்நிரல் ஒவ்வொன்றின் மூலநிரலையும் இணையத்திலிருந்து இறக்கி, விரித்து, திருத்தங்களை இட்டு, தொகுத்து, ஈற்றிற் பலகையிற் பதிக்கத்தக்க ஒரே படிமமாகத் தரும்.

அத்திருத்தங்களையே ‘பேட்ச்’ என்பர். யாம் ஒட்டு என்போம். பெயர் பொருத்தமானதே. 1944இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் இயங்கிய மார்க் 1 என்னும் பொறி, துளையிட்ட காகித நாடாவினால் ஏவப்பட்டது. பிழையான துளைகளை அக்காலத்தார் காகிதத் துண்டுகளை ஒட்டியே மறைத்தனர். 1985இல் லரி வோல் என்பார் ‘பேட்ச்’ என்னும் செய்நிரலை வெளியிட்ட பின்னர், ஒட்டு ஒரு சிறு எழுத்துக் கோப்பாயிற்று. நீக்கும் வரிக்கு முன் கழித்தற்குறி. சேர்க்கும் வரிக்கு முன் கூட்டற்குறி. இடம் தவறாதிருத்தற்பொருட்டு மேலும் கீழும் பெரும்பாலும் மும்மூன்று மூலவரிகள். இவ்வளவே அதன் அமைப்பு.

மணிநேரத்தைக் காக்கும் செய்நிரல் பிறநாட்டார் ஒருவர் எழுதி இலவசமாக அளித்தது. அது நேர வலயத்தை முழு மணிகளாக மாத்திரம் கணித்தது. உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய நம் நாட்டின் அரைமணி அதற்கு அகப்படவில்லை. முதலிற் கட்டிய மாணவன் இக்குறையைக் கண்டு திருத்தினான். ஆயின், ஒட்டாக எழுதி வையாது, விரித்த நிரல் கிடக்கும் கட்டுமான அடைவினுள்ளேயே திருத்திவிட்டான். அவ்வடைவு அடுக்களைப் பாத்திரம் போன்றது. ‘மேக் கிளீன்’ என ஏவிய அளவில் முற்றும் கழுவப்படும்.

அவன் பல்கலைக்கழகம் புகுந்தான். பின்வந்தோர், முறைப்படி அடைவைத் துப்புரவாக்கிப் புதிதாகக் கட்டி, ஒருநாள் நண்பகலிற் படிமத்தைப் பதித்தனர். அன்று இறுதி மணி உரிய நேரத்தில் ஒலிக்கவில்லை. காவலாளர் பழைய வெண்கல மணியை எடுத்து அடிக்குமுன் பேருந்து போய்விட்டது. தரம் 6 பிள்ளைகள் சிலர் கொடுவெயிலில் நடந்தே வீடு சேர்ந்தனர், பெற்றோர் கலங்கினர். முன்னவனைத் தொலைபேசியில் அழைத்தோம். “திருத்தியது நினைவிருக்கிறது, சேர், எந்த இடம் என்பதுதான் நினைவில்லை” என்றான். இரண்டு நாள் தேடியே மாணவர் அவ்விடத்தைக் கண்டனர்.

இம்முறை ஒட்டாகவே எழுதினர். 0001 என்னும் எண்ணோடு தொடங்கும் பெயரிட்டு, அச்செய்நிரலுக்குரிய பொதியின் அடைவில் வைத்தனர். ஒட்டுக்கள் பெயர் வரிசைப்படியே இடப்படுமாதலின் எண் இன்றியமையாதது. இனி எத்தனைமுறை துடைத்துக் கட்டினும் திருத்தம் தானாகவே வந்து சேரும். ஒட்டின் தலைப்பில் ‘அரைமணித் திருத்தம்’ என்று மட்டும் எழுதி எம்மிடம் காட்டினர். “என்ன செய்தீர்கள் என்பதை நிரலே கூறும், ஏன் செய்தீர்கள் என்பதை நீங்களன்றோ கூறவேண்டும்?” என்றோம். பின்னர், சில நாடுகளின் நேர வலயத்தில் நிமிடப் பகுதியும் உண்டென்பதையும், இலங்கைக்கும் இந்தியாவுக்கும் முப்பது நிமிடமும் நேபாளத்துக்கு நாற்பத்தைந்து நிமிடமும் வேண்டும் என்பதையும் விளக்கித் தம் பெயரையும் இட்டனர்.

அதனோடு அமையாது, அவ்வொட்டை மூல ஆசிரியருக்கும் அனுப்பினர். இத்துறையில் அதுவே நன்னெறி. தம்மிடமே வைத்திருக்கும் ஒட்டு ஒவ்வொன்றும் சுமையாகும். மூலம் புதுப்பிக்கப்படுந்தோறும் வரிகள் இடம்பெயர, ஒட்டையும் திருத்தி எழுதல் வேண்டும். சில மாதங்களின் பின் புதிய பதிப்பைக் கொண்டு கட்டியபோது, ஒட்டு பொருந்தாமையாற் கட்டுமானம் இடையில் நின்றது. மாணவர் திகைத்து மூலத்தைத் திறந்து நோக்கினர். அவர்களுடைய வரிகள் அதனுள்ளேயே இருந்தன! நேபாளத்துப் பள்ளியொன்று அதனைக் கொள்ளினும் மணி இனிப் பிழையாது. மாணவர் அக்கோப்பை மகிழ்வோடு நீக்கினர். ஒட்டு மறைந்தது, திருத்தம் நிலைத்தது.

இன்று கட்டும் மாணவர் நாளை பழைய மாணவராவர். கருவியை விட்டுச் செல்வோர் பலர்; காரணத்தையும் எழுதி விட்டுச் செல்வோர் சிலரே. அச்சிலர் இக்கல்லூரியிற் பலராகுக.