கறிச்சட்டியும் சாஸ் சட்டியும்



வெள்ளகோவில் பக்கம் தோட்டத்து வீடுங்க எங்களுது. கோழி, ஆடு எல்லாம் ஆக்குவோம். பன்றிக்கறி மட்டும் சமையக்கட்டுக்குள்ள வரக்கூடாது. "ஆக்கறதுன்னா வெளிய வெச்சு ஆக்கிக்க கண்ணு, சட்டி உள்ள வரப்படாது"ன்னு அம்மா முடிவா சொல்லிட்டாங்க. அப்புறமென்ன, வேப்பமரத்தடியில மூணு கல்லு அடுப்பு!

கறிக்கடை அண்ணன்கிட்ட எலும்போட, ஒரு விரல் தடிமனுக்கு வெட்டச் சொன்னேன். "இப்படி வெட்டுனா குழம்புல வேகாதுங்க தம்பி"ன்னு சிரிச்சார். குழம்புக்கில்லீங்கண்ணா, சாப்ஸ்!

இங்கிலாந்துல பன்றிக்கறிக்கு ஆப்பிள் சாஸ் வெப்பாங்க. அந்தக் கொழுப்புக்குப் புளிப்பு வேணும். நமக்கு அன்னாசி இருக்கே. ஆனா போன தடவை பச்சை அன்னாசிச் சாறுல ராத்திரி முழுக்க ஊற வெச்சுட்டேன். கறி மாவாட்டம் குழைஞ்சு போச்சு. அதுல புரோமெலைன்னு ஒரு நொதி இருக்குதாம், புரதத்தையே உடைச்சிடும். கொதிக்க வெச்சா அது செத்துரும்.

அதனால இந்தத் தடவை கறிக்கு உப்பு, மிளகு, மஞ்சள் மட்டும். அன்னாசி, இஞ்சி, வரமிளகாய், நாட்டுச்சர்க்கரை, துளி புளி எல்லாம் தனிச் சட்டியில கெட்டியாகற வரைக்கும் கொதிச்சுது. கறியை அதோட கொழுப்புலயே ரெண்டு பக்கமும் சிவக்க விட்டு, மூடி வெச்சு முழுசா வேக வெச்சேன். நாடாப்புழு பயம் இருக்கு, அரைவேக்காடு கூடவே கூடாது.

அம்மா எட்டி நின்னு பார்த்தாங்க. கறியைத் தொடலை. சாஸை மட்டும் விரல்ல தொட்டு நக்கிட்டு, "தோசைக்கு நல்லாருக்கும்"னாங்க.

இப்போ சாஸ் சட்டி சமையக்கட்டுல. கறிச்சட்டி இன்னும் வேப்பமரத்தடியிலதான் :-)