உப்பளமும் ஒரு 'புடிக்கலை மாமு'வும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டியே பார்க்கலை. ஆபீஸ்ல ஒரு ரிலீஸ், அது முடிஞ்சா அடுத்த ரிலீஸ்னு பொழப்பு ஓடுது. போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்போ அப்பா கூட உட்கார்ந்து பாட்டு கேட்டதுல கிளம்பின கொசுவத்தி இது. இளையராஜா பத்தின பதிவுதான், ஆனா சண்டைக்கு இல்லை. ரஹ்மான் ரசிகர்களும் தைரியமா உள்ளே வரலாம் :-)

எங்க ஊர் மரக்காணம். சென்னையிலேருந்து ஈ.சி.ஆர். வழியா புதுச்சேரி போறவங்க பார்த்திருப்பீங்க. ரோட்டோரமா பாத்தி பாத்தியா தண்ணி, நடுநடுவே ஓலை போட்டு மூடின உப்புக் குவியல். வண்டியை நிறுத்தி ரெண்டு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. சிறுபாணாற்றுப்படையில வர்ற எயிற்பட்டினம் இந்த ஊர்தான்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அதாவது, அந்தக் காலத்துலேயே பாணருங்க யாழைத் தூக்கிட்டு நடந்த வழி. அவங்க பாட்டைக் கேட்டுட்டு எங்க ஊர்க்காரங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு யோசிப்பேன். "போன வருஷம் வந்தவன் இதைவிட நல்லாப் பாடினான்"னுதான் சொல்லியிருப்பாங்க.

அப்பா உப்பளத்துல கணக்கு எழுதறவர். ராஜா வெறியர். அவருக்கு உலகம் 1976ல 'அன்னக்கிளி'யோட ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி இருட்டு.

2005. நான் மூணாங்கிளாஸ். ஜூன் கடைசியில 'திருவாசகம்' சிம்பொனி ஆரட்டோரியோ வெளிவந்துச்சு. மாணிக்கவாசகர் பாட்டுக்கு புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசிச்சது. அப்பா சம்பளம் வாங்கின கையோட சி.டி. வாங்கிட்டு வந்துட்டார். வீட்ல சி.டி. பிளேயர் கிடையாது. மாமா வீட்டு வி.சி.டி. பிளேயரைக் கடன் வாங்கி, டி.வி.யில சொருகி, தெருவையே கூப்பிட்டு உட்கார வச்சார்.

'பொல்லா வினையேன்' மட்டுமே சுமார் இருபது நிமிஷம். கோரஸ் வருது, நடுவுல இங்கிலீஷ் வருது (அமெரிக்காக்காரர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினது). அஞ்சாவது நிமிஷத்துல மாமா நெளிய ஆரம்பிச்சார். "என்ன மச்சான், சர்ச்சுல பாடற மாதிரி இருக்கு?" அத்தைக்கு வேற வருத்தம், "ஓதுவார் பாடினா கண்ணுல தண்ணி வரும், இதுல வரலையே." ஒருத்தர் நேராவே கேட்டார், "பாட்டு எப்போ வரும்?" அப்பா முகத்தைப் பார்க்கணுமே... அவரே பெத்த புள்ளையை பொண்ணு வீட்டுக்காரங்க குறை சொன்ன மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வீட்டுத் தாத்தா மட்டும் வாயே திறக்கலை. மார்கழியானா தவறாம திருவெம்பாவை சொல்றவர். மறுநாள் சாயங்காலம் குளிச்சு, திருநீறு பூசிட்டு வந்து, "அந்த நீளப் பாட்டை இன்னொரு வாட்டி போடு தம்பி"ன்னார். அதுக்கப்புறமும் ரெண்டு மூணு நாள் வந்தார். நல்லாருக்குன்னும் சொல்லலை, நல்லால்லைன்னும் சொல்லலை.

இனிமே என் பாவக்கதை.

2012. நான் பத்தாவது. கௌதம் மேனன் படத்துக்கு ராஜா மியூசிக்னு செய்தி வந்ததுலேருந்து அப்பா தரையில நடக்கலை. அதே கௌதம் மேனன், ரஹ்மான் கூட 'விண்ணைத்தாண்டி வருவாயா' குடுத்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. எங்க செட்டுக்கு அதுதான் வேதம். லண்டன் வரைக்கும் போய் பெரிய வாத்தியக் குழுவை வச்சுப் பதிவு பண்ணின 'நீதானே என் பொன்வசந்தம்' செப்டம்பர் 1 அன்னிக்கு வெளிவந்துச்சு. மொத்தம் எட்டுப் பாட்டு.

அன்னிக்கு சாயங்காலம் அப்பாவோட உப்பளத்து நண்பர்கள் நாலு பேர் வீட்ல. கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்ல எட்டும் ஓடிச்சு. முடிஞ்சதும் ஒரு அமைதி. 'தென்றல் வந்து'வையும் 'வளையோசை'யையும் மனசுல வச்சுட்டு வந்தவங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. அப்பா ஆரம்பிச்சார், "ஸ்ட்ரிங்ஸ் எப்படி பண்ணியிருக்கார் பார்த்தீங்களா..."

நான் குறுக்கே பூந்து, அந்த ஆல்பத்துலேயே இருக்கற ஒரு பாட்டோட பேரைச் சொன்னேன். "புடிக்கலை மாமு!"

நாலு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்பாவும் சிரிச்சார். ஆனா அதோட என் முன்னாடி புதுப் பாட்டு போடறதை நிறுத்திட்டார். ஹெட்போன் வாங்கிக்கிட்டார். புதுசா ஏதாவது வந்தா மொட்டை மாடிக்குப் போயிடுவார். நான் பெருசா கவனிக்கலை. பதினஞ்சு வயசுல எதைக் கவனிச்சோம்?

அப்புறம் இன்ஜினியரிங், ஓ.எம்.ஆர்.ல வேலை. 2019ல ஒரு ப்ராஜெக்ட், கிளையண்ட் பக்கம் ஒரு இத்தாலிக்காரர். எழுபதுகளோட ப்ராக்ரஸிவ் ராக் பைத்தியம். நம்ம ஊர்ல ராஜா மாதிரி அவங்க ஊர்ல ராக்கையும் மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதத்தையும் கலந்து பத்து, பதினஞ்சு நிமிஷப் பாட்டா போட்ட கோஷ்டிங்க நிறைய. பி.எஃப்.எம்., பான்கோ, லே ஓர்மேன்னு வரிசையா சொல்வார். பான்கோவோட முதல் ஆல்பம் 1972ல வந்தப்போ அதோட அட்டையே உண்டியல் வடிவத்துல இருந்துச்சாம். அந்த பான்கோ 1994க்கு அப்புறம் 25 வருஷம் கழிச்சு, 2019ல 'டிரான்ஸிபெரியானா'ன்னு புது ஸ்டுடியோ ஆல்பம் போட்டாங்க. பழைய பாடகர் பிரான்செஸ்கோ டி ஜாகோமோ 2014லேயே இறந்துட்டார். பாடினது வேற ஆள்.

"எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன். "முதல் தடவை கேட்டப்போ அழுதேன். நல்லா இருந்ததால இல்லை, அந்தக் குரல் இல்லாததால. இப்போ நாலாவது தடவை. இப்போதான் பாட்டைக் கேட்கறேன்"னார்.

பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. மரக்காணத்துல அந்த நாலு பேர் தேடினது 1986ஐ. இவர் தேடினது செத்துப்போன ஒரு மனுஷரை. புது ஆல்பம் வந்த அன்னிக்கு நாம கேட்கறது பெரும்பாலும் அந்த ஆல்பத்தையே இல்லை.

அன்னிக்கு ராத்திரி ரூமுக்கு வந்து, ஏழு வருஷம் கழிச்சு 'நீதானே என் பொன்வசந்தம்' முழுசாக் கேட்டேன். 'சற்று முன்பு' பாட்டுல ரம்யா என்.எஸ்.கே. குரலோட அந்த ஆர்க்கெஸ்ட்ரா மெல்ல மெல்ல ஏறுது பாருங்க... மறுபடி போட்டேன். மறுபடியும். மணி பதினொண்ணரைக்கு அப்பாவுக்குப் போன் பண்ணிட்டேன்.

"அப்பா, அந்த 2012 ஆல்பம்... நல்லாருக்குப்பா. அன்னிக்கு நான்தான் லூசு மாதிரி..."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார், "எனக்கு அது இன்னும் சரியா ஒட்டலைடா."

அவ்வ்வ்வ்!

"அப்போ அன்னிக்கு ஏன் விட்டுக்குடுக்காம பேசினீங்க?"

"ஒரு தடவைதானே கேட்டிருந்தோம். அதுக்குள்ள என்னத்த முடிவு பண்றது? அப்புறம் முப்பது தடவை கேட்டேன். ரெண்டு பாட்டு பிடிச்சுது. மிச்சம் பிடிக்கலை. அது வேற, நீ சொன்னது வேற."

அடுத்த தடவை ஊருக்குப் போனப்போ உப்பளத்துக்குக் கூட்டிட்டுப் போனார். வேற ஏதோ வேலையாத்தான், எனக்குப் பாடம் எடுக்க இல்லை. ஆனா தண்ணியில மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கற கண்ணாடிக் குழாயைக் காட்டி அவரே ஆரம்பிச்சார். தேக்கி வச்ச தண்ணி பாத்தி பாத்தியா மாறி வெயில்ல சுண்டும். முதல்ல சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில தங்கும். சுமார் 25 டிகிரி வந்தாத்தான் உப்பு பூக்கும். 29, 30 தாண்டினா மிச்சத் தண்ணியை வெளியே விட்டுடணும், இல்லைன்னா மெக்னீசியக் கசப்பு உப்புல சேர்ந்துடும்.

"பூக்கறதுக்கு முன்னாடி பாத்தியில கால வச்சுக் கலக்கினா சேறுதான் மேல வரும். அது நல்ல தண்ணியா, ஆகாத தண்ணியான்னு யாருக்கும் தெரியாமப் போயிடும்"னார்.

'கேட்கக் கேட்கப் பிடிக்கும்', 'ஸ்லோ பாய்சன்'னு ரஹ்மான் ரசிகர்கள் சொல்வாங்க இல்லையா, நான் அப்பா சொன்னதையும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். யோசிச்சா அது இல்லை. முப்பது தடவை கேட்டா எந்தப் பாட்டும் பழகிடும், பழகறது வேற, பிடிக்கறது வேற. அப்பா முப்பது தடவை கேட்டும் பிடிக்கலைன்னு சொன்னார் பாருங்க, அதுக்குத்தான் நான் அவரை ரசிகர்னு சொல்வேன். முதல் நாளே கொண்டாடறவனும் முதல் நாளே கிழிக்கறவனும் ஒரே அவசரத்துல இருக்காங்க. ரெண்டுமா இருந்தவன் சொல்றேன்.

2025 மார்ச் 8. லண்டன்ல ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா ராஜாவோட 'வேலியண்ட்' சிம்பொனியை வாசிச்சது. இதே ஆர்க்கெஸ்ட்ராவை வச்சு 1993ல ஜான் ஸ்காட் நடத்த, ராஜாவோட ஒரு சிம்பொனி பதிவாச்சு. அது வெளியே வரவே இல்லை. கேட்காத அந்த இசையைப் பத்தி அப்பா எனக்கு எத்தனையோ ராத்திரி பேசியிருக்கார். லண்டன்ல கச்சேரி முடியறதுக்குள்ள எங்க நண்பர்கள் கூட்டத்துல தீர்ப்பு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தன் "மொசார்ட்டே தோத்தார்"ங்கறான். இன்னொருத்தன் "பின்னணி இசையைக் கோத்த மாதிரி இருக்கு"ங்கறான். ரெண்டு பேரும் பார்த்தது யாரோ செல்போன்ல எடுத்த நாப்பது செகண்ட்.

நான் எதுவும் எழுதலை. அப்பாவுக்குப் போன் பண்ணி, "துண்டு துண்டா வந்திருக்குப்பா, அனுப்பட்டுமா?"ன்னேன்.

"வேணாம்டா. 32 வருஷம் காத்திருந்தாச்சு. முழுசாவே கேட்டுக்கறேன்."

போன வாரம் ஊர்ல மொட்டை மாடியில உட்கார்ந்திருந்தோம். தூரத்துல ஈ.சி.ஆர். லாரி சத்தம், காத்துல உப்பு வாடை. அப்பா போனை எடுத்து ஹெட்போனைக் கழட்டிட்டு, ஸ்பீக்கர்ல ஒரு பாட்டைப் போட்டார். 'சற்று முன்பு'. பதிமூணு வருஷத்துக்கு மேல ஆச்சு, என் முன்னாடி அவர் இந்த மாதிரிப் போட்டு.

முடியறவரைக்கும் பேசலை. முடிஞ்சதும், "என்னப்பா, இப்போ ஒட்டுதா?"ன்னேன்.

"இன்னும் இல்லை"ன்னு சிரிச்சார். "இன்னொரு வாட்டி போடவா?"

பி.கு: முதல் நாள் நீங்க கிழிச்சுத் தொங்கவிட்டு, அப்புறம் யாருக்கும் தெரியாம ராத்திரி ஹெட்போன்ல கேட்ட ஆல்பம் எது? மறைக்காம சொல்லுங்க. நான் சொல்லிட்டேன்ல :-)