கரண்டு கட் மாதத்தில் ஒரு கிட்டார்

2022 மார்ச் 3, ஹட்டன்
நேற்றிலிருந்து மின்வெட்டு ஏழரை மணித்தியாலம். எனக்கு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கும் புத்தி வந்ததும் இப்போதுதான். சீட்டுக் காசு கைக்கு வந்துவிட்டது. நான் கணக்கெழுதும் கடையில் யார் வாய் திறந்தாலும் டீசல், பால்மா, கேஸ். இந்தக் கொப்பியில் கிட்டார் மட்டும்.

மார்ச் 5
கண்டியில் ஒரு கிட்டார் கடைக்குப் போய்ப் பார்த்தேன். எலக்ட்ரிக் என்றால் சத்தம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் மரப்பெட்டிக் கிட்டார்தான் ஊரைக் கூட்டும். எலக்ட்ரிக்கின் உடம்பு முழுக்கட்டை; வயர் மாட்டாவிட்டால் வாசிப்பவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் மட்டும் கேட்கும். எங்கள் லயத்தில் ஒரு காம்பிராவில் இருமினால் மூன்றாவது காம்பிராவிலிருந்து சுடுதண்ணி வேணுமா என்று கேட்பார்கள். அங்கே இதுதான் சரி. கம்பியும் மெல்லிசு. புதிதாகப் பழகுபவர்களுக்கு 'ஒன்பது' செட் போதுமாம், விரல் அவ்வளவு நோகாது.

கடைக்காரர் நாற்பது வாட் அம்ப் ஒன்றை என் தலையில் கட்டப் பார்த்தார். வாட் விஷயத்தில் ஏமாறக்கூடாது. பத்து வாட்டை நூறாக்கினால் காதுக்குச் சத்தம் பத்து மடங்காகாது, ஏறக்குறைய இரண்டு மடங்குதான். எனக்குப் பத்தே அதிகம். ஹெட்போன் ஓட்டை இருந்தால் போதும். ரோலண்ட் மைக்ரோ கியூப் ஆறு பென்டோர்ச் பெட்டரியில் ஓடும். அது அவரிடம் இல்லை.

மனதில் நின்றது நீல நிற ஸ்ட்ராட் மாதிரி ஒன்று. கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், நேராக இருந்தது.

மார்ச் 8
நேற்று மத்திய வங்கி ரூபாவின் பிடியை விட்டது. இருநூற்றுச் சொச்சத்தில் இருந்த டொலர் 230. கண்டிக் கடைக்குக் கோல் எடுத்தேன். "புது விலை வரும் மிஸ்" என்றார்.

மார்ச் 11
அம்மாவுக்கு இன்றைக்கும் அரைப் பேர், பாதிச் சம்பளம்தான். போன வருஷம் உரத்தைத் தடை செய்தார்கள், கொழுந்து இல்லை. முழுப் பேருக்கே ஆயிரம் ரூபாதான். கிட்டார் விலை இந்த ஒரு கிழமையில் ஐந்து முழுப் பேர் ஏறிவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 16
காமன் கூத்து நடக்கிறது. கரண்டு இல்லாததால் ஒலிபெருக்கியும் இல்லை. தப்பு அடிக்கும் மாமா இஸ்தோப்புக்கு முன்னால் நெருப்பில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"என்னா புள்ள, கரண்டுல வாசிக்கிற கிட்டாராமே?"

கம்பிக்குக் கீழே காந்தம், அதைச் சுற்றி மயிரிழை மாதிரிச் செப்புக் கம்பி, மேலே உருக்குக் கம்பி அதிர்ந்தால் துளியூண்டு கரண்டு பிறக்கும் என்று சொன்னேன்.

"அப்ப கரண்டு கிட்டார்லதான் பொறக்குது?"

"ஆமா மாமா."

"பொறவு என்னாத்துக்குச் செவத்துக் கரண்டு?"

"அதப் பெருசாக்க."

தோலைத் தட்டிப் பார்த்தார், திருப்தியில்லை, திரும்பக் காய்ச்சினார். "மொதல்ல கிட்டார வாங்கு. பெருசாக்குறத அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். கிட்டாரைப் பார்த்தே இராதவர். யோசனை கேட்டதற்குக் கண்டிக் கடைக்காரர் அரை மணித்தியாலம் பேசினார்.

மார்ச் 22
பெற்றோல் ஷெட்டுகளில் ஆமி நிற்கிறது. பஸ் இல்லை. நடந்தே வந்தேன்.

மார்ச் 27
நோர்வூட்டில் பெரியம்மா வீடு. வழியில் காசல்ரீ குளம். தண்ணீர் இறங்கிக் கரைமண் அகலமாகத் தெரிகிறது. இந்தத் தண்ணீர்தான் நோர்ட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுற்ற வைக்கிறது. லக்சபானவில் நீர்மின்சாரம் எடுக்கலாம் என்று அந்தப் பெயருக்குரிய இஞ்சினியர் 1918இலேயே சொன்னவர். மின்சாரம் எங்கள் மலையிலிருந்தே இறங்குகிறது. லயங்களுக்கு அது வந்ததோ எத்தனையோ வருஷம் கழித்து. எரிச்சலாக வந்தது. கிட்டாரைப் பற்றி எழுதும் கொப்பி இது.

மார்ச் 31
மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம். மெழுகுதிரியும் விலை ஏறிவிட்டது.

ஏப்ரல் 5
போட்டிருந்த ஊரடங்கை நேற்றுக் காலை எடுத்தார்கள். கிட்டார் வேண்டாம், கேஸ் சிலிண்டருக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். ராத்திரி ரொட்டி சுட்டுக்கொண்டே அம்மா கேட்டார்: "அந்த நீலம் இன்னும் கடையில இருக்கா?" நீலம் என்று நான் சொன்னதே இல்லை. கொப்பி தலையணைக்குக் கீழேதான் கிடக்கிறது.

ஏப்ரல் 9
கண்டி. பஸ்ஸில் எல்லாரும் காலிமுகத்திடல் போராட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. நீலம் இருந்தது. கடையில் கரண்டு இல்லை. ஒவ்வொரு கட்டையாக ஆறு கம்பியிலும் தட்டிக் கேட்டேன். பன்னிரண்டாவதில் மட்டும் கொஞ்சம் இரைச்சல், பாலத்தை உயர்த்தினால் போகும் என்கிறார். போகலாம். பிக்கப் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அம்ப்பில் மாட்டினால்தான் தெரியும். பாதிக் காசு கட்டினேன், அம்ப் வேண்டாம் என்றேன். மீதிக்கு விலை எழுதித்தர மாட்டாராம். மாட்டிக் கேட்காமல் மீதியைக் கட்டமாட்டேன் என்று நானும் சொல்லிவிட்டேன். அந்தத் தெருவுக்குக் கரண்டு வரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு புதுவருஷம் கழித்துப் போகவேண்டும்.