எது சேவல்?

நமது கல்லூரி விடுதியில் வாழ்ந்த நாளில், மாலையிற் கடற்கரைக்குச் சென்றபோதெல்லாம் கடற்காகங்களைக் கண்டதுண்டு, கருதிப் பார்த்ததில்லை. பின்பு கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்று, அட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றிலே தமிழ் கற்பிக்க வந்த யான், அவற்றைப்பற்றி எழுத நேருமென்று நினைத்தேனல்லேன். இலக்கணக் கட்டுரையை எதிர்பார்த்த மலராசிரியர் பொறுத்தருள்க. இதிலும் சிறிது இலக்கணம் உண்டு.

சில ஆண்டுகளின் முன், ஒரு தை மாதம், மாணவரைத் தலைமன்னாருக்கு அழைத்துச் சென்றோம். கடலையே கண்டிராத பிள்ளைகள் பலர். நடு ஆசிய மேட்டு நிலங்களிற் குஞ்சு பொரித்து மாரியில் நம் கரைக்கு வரும் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் வரிசையாக நின்றன. "எது சேர் சேவல்?" என்றாள் ஒரு மாணவி. மயிலொழிந்த பறவைகளின் ஆணெல்லாம் சேவலெனத் தொல்காப்பிய மரபியல் கூறுவதை வகுப்பிற் சொன்னவன் யானே. பெரிதாகத் தோன்றிய ஒன்றைச் சுட்டி, "அதுதான்" என்றேன். "அது பறந்துபோய் மற்றது தனியே நின்றால் எப்படிச் சொல்வது?" என்றாள். அவள் தாய் நாள்தோறும் மடுவத்திற் கொழுந்து நிறுக்கக் கொடுப்பவள்; கண்ணளவுக்கும் தராசுக்கும் உள்ள பேதம் அவ்வீட்டில் நன்கு தெரியும். யான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அந்தக் கூச்சம் தீரவில்லை, தேடிப் படித்தேன். ஆணும் பெண்ணும் ஒரே நிறத்தனவாகிய கடற்பறவைகளை ஆய்வாளர் பிடித்து, அலகுநுனி முதல் தலையின் பின்புறம் வரையுள்ள நீளம், அலகின் தடிப்பு, சிறகு, கால் என்பவற்றை மில்லிமீற்றர்க் கணக்கில் அளக்கின்றனர். உடல் நிறையை அத்துணை நம்புவதில்லை. இரையுண்ட பறவையும் பசித்த பறவையும் ஒரு நிறையல்லவே. நனைந்த கொழுந்துக்கு நிறை கழிப்பதைக் கண்டவர்க்கு இது புதிதன்று. ஓர் அளவு மட்டும் போதாது. 1936 இல் றொனால்ட் பிஷர் என்னும் அறிஞர் ஐரிஸ் மலர்களின் இதழளவுகளைக் கொண்டு விளக்கிய கணிதமுறையால், பல அளவுகளைத் தகுந்த பங்கிற் கூட்டி ஓர் எண் பெறுவர். கடற்காகமாயின், அவ்வெண் வரம்புக்கு மேலெனின் ஆண், கீழெனின் பெண். வரம்பையொட்டி நிற்பவை ஐயத்துக்குரியன. ஓரிடத்துப் பறவைக்குக் கண்ட வரம்பு வேறிடத்துக்குப் பொருந்தாது போவதும் உண்டு. அவ்வரம்பை முதலில் வகுப்பதற்குச் சில பறவைகளின் பாலையேனும் ஐயமற அறிதல் வேண்டும். முன்னாளில் இறந்த பறவையை அறுத்துப் பார்த்தனர். இந்நாளில் ஒரு துளிக் குருதி போதும்.

கடற்காகங்களில் ஆணே பெரும்பாலும் பெரிது. ஆயினும் பிறபறவையின் இரையைப் பறித்துண்ணும் பிரிகேட் பறவையிலும், பூபி என்னும் பறவையிலும் பெண்ணே பெரிது. தோட்டங்களிலே 1984 வரை பெண்ணின் நாட்கூலி ஆணினுடையதிலும் குறைவாக இருந்த அநீதியை ஆண்டுதோறும் வகுப்பிற் பேசுபவன் யான். பெரிதெனின் ஆணென்ற நினைப்பு எனக்கு எங்கிருந்து வந்ததோ!

இரு வாரங்களின் பின், "அன்று நான் சொன்னது ஊகம்; அறிந்து சொல்லவில்லை" என்று வகுப்பிற் கூறினேன். சிரிப்பரென அஞ்சினேன், எவரும் சிரித்திலர். அம்மாணவி மட்டும் எழுந்து, "அஃறிணைக்கு ஒன்றன்பால் போதுமே, சேர். 'கடற்காகம் வந்தது' என்று எழுதலாம்" என்றாள்.

சுற்றுலாக் கட்டுரையிலும் அவ்வாறே எழுதியிருந்தாள். பத்துக்கு எட்டுப் புள்ளி இட்டேன். அலகை அவள் 'அளகு' என எழுதியதால் இரண்டு போயின. அது கோழிக்கும் கூகைக்கும் மயிலுக்கும் உரிய பெண்பாற் பெயர்.