எண்டர்பிரைஸ் இறங்காத தீவு

'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்கள் போற்றும் விதி, தொடர் பிறப்பதற்குப் பத்தாண்டுகள் முன்பே அந்தமானில் சட்டமாக இருந்தது.

சென்னையிலிருந்து கிளம்பும் விமானம் வங்கக் கடலைக் கடந்து போர்ட் பிளேரை நெருங்கும்போது ஜன்னலோரப் பயணிகள் சிலர் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொள்கிறார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் மேகங்களுக்கு நடுவே பச்சையாக ஒரு தீவு தெரியும். சுற்றிலும் மெல்லிய மணற்கரை, அதற்கு வெளியே பவளப்பாறை. சாலை இல்லை, கூரை இல்லை, துறைமுகம் இல்லை. சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வடக்கு சென்டினல் தீவு அது. இதைவிடக் கிட்டே போக எந்தச் சுற்றுலா ஏஜெண்டும் டிக்கெட் தர முடியாது.

ஜன்னலோரத்தில் இருப்பவர் 'ஸ்டார் ட்ரெக்' பார்த்து வளர்ந்தவரானால், அந்தக் காட்சி அவருக்குப் புதிதல்ல. முன்பின் தெரியாத கிரகம் ஒன்று கீழே. எண்டர்பிரைஸ் கப்பல் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. இறங்கலாமா, கூடாதா என்று யோசிக்கிறார் கேப்டன்.

1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய அந்தத் தொடர் மூன்று பருவங்கள், 79 அத்தியாயங்களோடு நின்றது. மூன்றாவது பருவம் கிடைத்ததே ரசிகர்கள் மூட்டை மூட்டையாக அனுப்பிய கடிதங்களால்தான் என்பார்கள். 1976ல் நாசாவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு எண்டர்பிரைஸ் என்று பெயர் வைக்கச் செய்ததும் ரசிகர்களின் கடிதங்களே. இந்தியாவில் 1980களில் தூர்தர்ஷன் அதை ஒளிபரப்பியது. கேப்டன் கிர்க்கும் கூர்காது ஸ்பாக்கும் நடுத்தரக் குடும்பங்களின் கூடத்துக்கு வந்தது அப்படித்தான். பிறகு புதிய கப்பல்கள், புதிய கேப்டன்கள் என்று தொடர் கிளைவிட்டு வளர்ந்தது.

ரசிகர்கள் மணிக்கணக்கில் வாதாடுவது லேசர் துப்பாக்கிகளைப் பற்றி அல்ல, 'பிரைம் டைரக்டிவ்' பற்றி. 1967 பிப்ரவரியில் ஓர் அத்தியாயத்தில் முதன்முதலாகப் பேசப்பட்ட இந்த முதன்மை ஆணையின் சாரம் எளிது: வேறொரு சமூகத்தின் இயல்பான போக்கில் தலையிடாதே. நல்லது செய்வதாக நினைத்துக்கூடத் தலையிடாதே.

ஹாலிவுட் கதாசிரியர்கள் இதை எழுதுவதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே இந்தியா எழுதிவிட்டது. 1956ல் வந்த அந்தமான் நிகோபார் ஆதிவாசிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பழங்குடியினர் வாழும் பகுதிகளை ஒதுக்கிவைத்து, அனுமதியின்றி வெளியார் நுழைவதைத் தடை செய்தது.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1858ல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியேற்றம் அமைத்தபோது ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர், தட்டம்மை, மேகநோய் போன்றவற்றுக்குப் பலியாகி, இன்று ஐம்பது சொச்சம் பேராகச் சுருங்கிவிட்டார்கள். 1880ல் போர்ட்மன் என்ற அதிகாரி வடக்கு சென்டினலில் ஒரு வயோதிகத் தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்து போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். எல்லோரும் நோயில் விழுந்தார்கள். பெரியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகள் கைநிறையப் பரிசுகளோடு தீவில் திரும்ப விடப்பட்டார்கள். பரிசுகளோடு நோயும் போயிருக்குமா என்பதற்குப் பதில் அந்தத் தீவுக்கு மட்டுமே தெரியும்.

தொடரில் கிர்க் முதன்மை ஆணையை மீறுவது வாடிக்கை. மீறாவிட்டால் கதை ஏது? இங்கேயும் சட்டம் போட்ட அரசே 1967 முதல் தேங்காய்களோடு சென்டினல் கரைக்குப் போனது. மானிடவியலாளர் டி.என்.பண்டிட் அதில் முன்னோடி. பல ஆண்டுகள் கிடைத்த பதில் அம்புதான். 1991 ஜனவரி 4 அன்று மதுமாலா சட்டோபாத்யாய் இருந்த குழுவிடமிருந்து தீவினர் தண்ணீரில் இறங்கி வந்து தேங்காய் வாங்கிக்கொண்டார்கள். ஓர் இளைஞன் வில்லை வளைத்தபோது ஒரு பெண் அவனைத் தள்ளிவிட, அம்பு தண்ணீரில் விழுந்தது. வரலாறு மாறப்போகிறது என்று தோன்றியது. ஆனால் 1990களின் நடுவில் அரசே இந்தப் பயணங்களை நிறுத்திக்கொண்டது. கேப்டன் கப்பலைத் திருப்பிவிட்டார் என்றுதான் ரசிகர்கள் சொல்வார்கள்.

2018 நவம்பரில் மதப் பிரசார ஆர்வத்தில் இறங்கிய ஓர் அமெரிக்க இளைஞர் கொல்லப்பட்டபோது, உலகெங்கும் ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் முதன்மை ஆணையைத்தான் நினைவுகூர்ந்தார்கள். ஒப்பீடு அழகானது. ஆனால் ஓர் இடத்தில் இடிக்கிறது. தொடரில் கீழே இருப்பவர்களுக்கு மேலே கப்பல் இருப்பதே தெரியாது. 1989ல் வந்த ஒரு கதையில், மறைந்திருந்து பார்க்கும் ஆராய்ச்சியாளர்களைக் கண்டுவிட்ட கிராமத்தார் கேப்டன் பிக்கார்டைக் கடவுள் என்றே நம்பிவிடுகிறார்கள்.

சென்டினல்காரர்கள் யாரையும் கடவுள் என்று நினைக்கவில்லை. 1981ல் 'பிரிம்ரோஸ்' என்ற சரக்குக் கப்பல் அவர்களது பவளப்பாறையில் தட்டி நின்றது. அதன் இரும்பு அவர்களது அம்புமுனையானது. 2004 சுனாமிக்குப் பின் நலம் விசாரிக்க வந்த கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரைக் குறிவைத்து வில்லை உயர்த்தினார் ஒருவர். 2006ல் கரையொதுங்கிய மீனவர் இருவர் உயிரிழந்தார்கள். வெளியுலகம் இருப்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே வேண்டாம் என்கிறார்கள். தலையிடாமல் இருப்பது நம் பெருந்தன்மை அல்ல, அவர்களது முடிவு.

அந்த முடிவை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க விண்வெளிக்குப் போக வேண்டாம். போர்ட் பிளேரிலிருந்து, 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அதே ஊரிலிருந்து, வடக்கே காரில் போனால் போதும். ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. குறித்த நேரத்தில் போலீஸ் காவலோடு எல்லாம் ஒன்றாகப் புறப்பட வேண்டும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதுவும் கொடுக்கக் கூடாது. ஜாரவாக்களின் காட்டைக் கிழித்துச் செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை அது. பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டாலும் பலரது கண்கள் தேடுவது சாலையோரத்தைத்தான். 1990களின் இறுதியில் ஜாரவாக்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். 1999ல் தட்டம்மை அவர்களைத் தாக்கியது. 2002ல் காட்டுவழிச் சாலையை மூட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2012ல் ஜாரவா பெண்களைப் பயணிகளுக்காக ஆடவைத்த வீடியோ உலகத்தைச் சுற்றியது. சாலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாலையில் வண்டூர் கடற்கரையில் சூரியன் இறங்குவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. மேற்கே, கண்ணுக்கு எட்டாத தூரத்தில், சென்டினல். 2011 கணக்கெடுப்பில் கப்பலில் இருந்தபடியே எண்ணியதில் தெரிந்தவர்கள் 15 பேர். மற்றவர்கள் எத்தனை, தங்களை என்ன பெயரால் அழைத்துக்கொள்கிறார்கள், யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் கண்டறியக் கிளம்பிய ஒரு கப்பலின் ரசிகருக்கு இது வேதனையான விஷயம்தான். ஆனால் அந்தக் கப்பல் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடமும் அதுவே.