கல்தோட்டை பஸ்ஸில் பாரசீகம்

பலாங்கொடை பஸ் நிலையத்தில் கல்தோட்டை பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. என் மடியில் ஆங்கில வழிப் பாரசீகப் பாலபாடம். முதல் அத்தியாயமே எச்சரிக்கையோடு தொடங்குகிறது: இந்த மொழியில் வினை கடைசியில்தான் வரும், பழகக் காலம் பிடிக்கும். ஆங்கிலேயருக்குப் பிடிக்கட்டும். நமக்கு எதற்கு?

'மன் சாய் மீஹொரம்.' நான் தேநீர் குடிக்கிறேன். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று வரிசை அப்படியே நம்முடையது. 'மன்' என்பதை விட்டாலும் குறைவில்லை. கடைசி 'அம்' நம் 'ஏன்' விகுதியைப் போலவே பேசுவது யாரென்று காட்டிவிடும்.

பக்கத்து இருக்கையில் ஜெய்லானி தலத்துக்குப் போகும் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்ன பாஷை தம்பி?"

"பாரசீகம் நானா. ஈரான் பாஷை."

"ஈரானா? எண்ணெய்க் கடனுக்கு நம்மட தேயிலைய வாங்கின ஆக்களெல்லோ!"

அவர் சொன்னது சரி. 25.1 கோடி டொலர் எண்ணெய்க் கடனை மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலை அனுப்பித் தீர்ப்பதென 2021 டிசம்பரில் உடன்பாடானது.

பஸ் ஏறிய சரிவில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதையும் வாக்கியமாக்கினேன்: 'ஸன்ஹா பர்கெ சாய் மீசீனந்த்.' வினை சமர்த்தாகக் கடைசியில் நிற்கிறது. இடறுவது நடுவில். நமக்குத் தேயிலை, அவர்களுக்கு முதலில் இலை ('பர்க்'), அதோடு ஓர் 'எ' ஒட்டு, பிறகே தேயிலைக்குரிய 'சாய்'. 'பச்சை இலை'யும் 'பர்கெ ஸப்ஸ்' என்று தலைகீழாகிறது. 'அஸ் பலாங்கொடா ஆமதீம்', பலாங்கொடையிலிருந்து வந்தோம். நம் 'இலிருந்து' அங்கே 'அஸ்' என்று ஊர்ப்பெயருக்கு முன்னால் போய்விடுகிறது. மறுப்பும் முன்னால்தான்: 'நஹொர்தம்', குடிக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 'ரா'. ஆங்கில நூல் இதைப் பக்கம் பக்கமாக விளக்குகிறது. 'சாய் ஹொர்தம்' என்றால் தேநீர் குடித்தேன். 'சாய் ரா ஹொர்தம்' என்றால் தேநீரைக் குடித்தேன், அதாவது இன்ன தேநீர் என்று கேட்பவருக்கும் தெரியும். 'கொழுந்து எடுத்தேன்' என்பதற்கும் 'கொழுந்தை எடுத்தேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை லயத்துப் பிள்ளை எந்த வாத்தியாரிடமும் படித்ததில்லை. ஆட்களைச் சொல்லும்போது மட்டும் கணக்கு மாறும்: அங்கே நாம் 'ஐ'யை விடுவதே இல்லை. அவனா அவளா என்ற கவலை பாரசீகத்துக்குக் கிடையாது. இருவருக்கும் 'ஊ' ஒன்றுதான்.

ஜெய்லானி தலம் இருக்கும் கூரகலையில் இறங்கினோம். பௌத்தர்களுக்கும் புனிதமான இந்தப் பாறைக் குகைகளில் அப்துல் காதிர் ஜெய்லானி தவமிருந்தார் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. 1166இல் பக்தாதில் மறைந்த அவர் பிறந்தது ஈரானின் கீலானில். இன்று அந்த நாட்டின் தேயிலைச் சீமையும் அதுதான். 1900 வாக்கில் இந்தியாவிலிருந்து கன்று கொண்டுபோய் அங்குள்ள லாஹிஜானில் நட்டார்கள். நானாவிடம் சொன்னேன். "அப்ப அவரும் தோட்டத்துப் பக்கத்து ஆள்தான்" என்று சிரித்தார்.

பாரசீகம் படிக்க விரும்புகிறவர்கள் எந்த நூலை வாங்கினாலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே தமிழை எழுதிக்கொள்ளுங்கள். வினையும் 'ரா'வும் தாமாக வந்துவிடும். உழைப்பையெல்லாம் 'அஸ்' போன்ற முன்னிடைச்சொற்களுக்கும் அந்த 'எ'க்கும் வைத்துக்கொள்ளுங்கள்.